பெரிய கோயிலில் அறுந்த கயிறு

மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயில் தேர் நிலையில் நிற்கும்போது பார்த்தால், அது அசையக்கூடிய பொருள் என்றே தோன்றாது. ஊர் கூடி வடம் பிடித்தால்தான் நகரும். வேகம் பிடித்துவிட்டாலோ சட்டென்று நிற்காது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடவேண்டும். நிற்கும் பொருளை நகர்த்தவும், நகரும் பொருளை நிறுத்தவும் திருப்பவும் விசை வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் இந்தப் பாடத்தை 1687-ல் ஐசக் நியூட்டன் விதியாக எழுதிவைத்தார்.

அதே பாடத்தைத் தஞ்சைச் சீமையில் பெரும் விலை கொடுத்துப் படித்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன்.

நட்சத்திரம் காட்டிய வழி

இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் லாம்டன். பட்டாளத்தில் சேர்ந்து வட அமெரிக்காவில் பல ஆண்டுகள் இருந்தார். அங்கே சூரிய கிரகணத்தைப் பார்த்து ஒரு கண்ணின் பார்வையைப் பறிகொடுத்தார். ஆனால் கணிதத்தில் அவருக்கிருந்த ஆசை குறையவில்லை.

1799-ல் திப்பு சுல்தானுடன் நடந்த போரில், ஓரிரவு கும்பினிப் படையொன்று தெற்கே போவதாக எண்ணி வடக்கே, எதிரியை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்துத் தவற்றைக் கண்டு சொன்னவர் லாம்டன்.

1802-ல் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதை அடிக்கோடாகக் கொண்டு, கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாட்டையே அளப்பது அவர் திட்டம். கோணம் அளக்கும் தியோடலைட் கருவி லண்டனில் செய்யப்பட்டது. மூன்றடி விட்டமுள்ள வட்டம். எடை ஏறத்தாழ அரை டன். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அவர்களே மரியாதையோடு கருவியைத் திருப்பி அனுப்பினார்கள்.

விபரீதம்

தஞ்சை வயல்வெளியில் குன்றுகள் கிடையாது. தோப்புகளோ தூரப் பார்வையை மறைக்கும். அங்கே கோபுரங்களே குன்றுகள். ஆகவே 1808-ல், சுமார் 216 அடி உயரமுள்ள பெரிய கோயில் விமானத்தின்மேல் கருவியை ஏற்ற முனைந்தார் லாம்டன்.

கருவியின் எடை கீழே இழுத்தது. தூக்கும் கயிறு மேலே இழுத்தது. சுவரில் மோதாதபடி இன்னொரு கயிறு அதை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. மூன்று விசைகளும் ஒன்றையொன்று சரிக்கட்டியவரை ஆபத்தில்லை. திடீரென்று வெளிப்பக்கக் கயிறு அறுந்தது! மற்ற இரண்டு விசைகளும் சேர்ந்து கருவியைச் சுவர்ப்பக்கம் வீசின. பளு அதிகம், அது நின்றதோ ஒரே கணத்தில். அதனால் அடியும் பலமாக விழுந்தது. நுட்பமான வட்டம் கோணிப்போயிற்று.

வேறு கருவி கடல் கடந்துதான் வரவேண்டும். இருந்த கருவி பயன்படாது என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஆறாண்டு உழைப்பு அந்த ஒரு கணத்தில் நின்றுவிடும்போல் இருந்தது.

விசையே மருந்து

லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்தார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. கருவியை முழுவதும் பிரித்தார். பெரிய பலகையொன்றில் சரியான அளவில் ஒரு வட்டத்தை வெட்டினார். ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றைக்கொண்டு, கோணிய வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து அதில் பொருத்தினார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார்.

ஆப்பு, தலையில் விழும் அடியைப் பக்கவாட்டுத் தள்ளலாக மாற்றும். திருகு, பல சுற்றுச் சுழற்சியைச் சிறு நகர்வாகவும் பெரும் விசையாகவும் மாற்றும். கப்பி, இழுப்பின் திசையைத் திருப்பும். ஒரு கணத்தில் விசை கெடுத்ததை, அளந்து செலுத்திய விசை ஆறு வாரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. அளவை வேலை தொடர்ந்தது.

1823 ஜனவரியில், அளவைப் பணியில் இருக்கும்போதே, நாகபுரிக்குப் போகும் வழியில் ஹிங்கன்காட் என்னும் ஊரில் லாம்டன் காலமானார். அவர் தொடங்கிய முக்கோண வரிசையை ஜார்ஜ் எவரெஸ்ட் இமயமலை அடிவாரம்வரை கொண்டுபோனார். அவர் பெயரே 1865-ல் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்குச் சூட்டப்பட்டது. லாம்டன் பெயரைத் தாங்கும் சிகரம் எதுவும் அதனருகே இல்லை.

மன்னார்குடித் தேர்ச்சக்கரத்தின்முன் விழும் முட்டுக்கட்டையும் ஓர் ஆப்புதான். அடுத்த தேரோட்டத்தில் அதைப் பார்க்கும் பிள்ளைகள், கோணிய வட்டத்தை ஆப்பு வைத்து நிமிர்த்திய அந்த ஒற்றைக்கண் கணிதக்காரரையும் நினைத்துக்கொள்ளலாம்.