கணக்குப்பிள்ளை கொடுத்த ஆறு மணி நேரம்

மினசோட்டாவில் தினமும் 94-ஆம் எண் நெடுஞ்சாலையில்தான் ஆபீஸ் போகிறேன். செயின்ட் பால் தாண்டியதும் த்ரீஎம் நிறுவனத்தின் சிவப்பு எழுத்துகள் தெரியும். போன வருஷம் வரை அதைப் பார்த்தால் டேப்பும் மஞ்சள் ஒட்டுத்தாளும்தான் ஞாபகம் வரும். இப்போது வில்லியம் மெக்நைட் ஞாபகம் வருகிறார்.

1887-ல் தெற்கு டகோட்டாவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1907-ல், இருபது வயதுகூட நிரம்பாதபோது, உதவிக் கணக்கராக த்ரீஎம்மில் சேர்ந்தார். அப்போது அது தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனி. உப்புத்தாளுக்கான கனிமம் என்று நம்பித் தோண்டிய கல், எதற்கும் உதவாத வேறு கல்லாகப் போயிருந்தது. பொறியியல் பட்டமெல்லாம் இவருக்குக் கிடையாது. 1911-ல் விற்பனை மேலாளர், 1914-ல் பொது மேலாளர், 1929-ல் தலைவர். விற்பனைக்குப் போனால் வாங்குபவரின் அலுவலகத்தோடு நிற்காமல், பட்டறைக்குள் போய் உப்புத்தாளைத் தேய்க்கும் தொழிலாளியிடமே குறை கேட்டார்.

அந்தப் பழக்கம்தான் அடுத்த கதைக்கு வழி. 1921-ல் சேர்ந்த ரிச்சர்ட் ட்ரூ என்ற ஆய்வக உதவியாளர், படிப்பைப் பாதியில் விட்டவர். கார் பட்டறைக்கு உப்புத்தாள் சோதிக்கப் போனார். இரண்டு வண்ணம் அடிக்கும்போது ஒட்டிய தாளைப் பிய்த்தால் பெயின்ட்டும் சேர்ந்து வருவதைப் பார்த்தார். சரியான டேப் செய்கிறேன் என்று இறங்கினார். மெக்நைட் அவரை, அதை விட்டுவிட்டு உன் வேலையைப் பார் என்று திருப்பி அனுப்பினார். ட்ரூ விடவில்லை. மேலிட அனுமதி இல்லாமல் 100 டாலர் வரை வாங்கலாம் என்பதால், 99 டாலர் ரசீதுகளாகப் போட்டு இயந்திரம் வாங்கியதாக நிறுவன வரலாறு சொல்கிறது. 1925-ல் மாஸ்கிங் டேப் வந்தது. 1930-ல் செல்லோபேன் டேப்.

மெக்நைட்டின் பெருமை இங்கேதான். தான் போட்ட உத்தரவே தப்பு என்று தெரிந்ததும், மீறியவரைத் தண்டிக்காமல் விதியை மாற்றினார். 1948 வாக்கில் இது கொள்கையாகவே ஆனது. நல்ல ஆளை வேலைக்கு எடு, பொறுப்பைக் கொடு, தவறு செய்தால் பொறுத்துக்கொள் என்பது அதன் சாரம். தொழில்நுட்ப ஊழியர்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைக்குச் செலவிடலாம். வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்றால் ஆறு மணி நேரம். ஆர்ட் ஃப்ரை மஞ்சள் ஒட்டுத்தாளை உருவாக்கியது அந்த நேரத்தில்தான். அது 1980-ல் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தபோது மெக்நைட் இல்லை; 1978-லேயே இறந்துவிட்டார்.

இதை ஏன் இப்போ சொல்றேன்? போன வருஷம் எங்கள் டீமின் இரவுநேர சோதனைகளைத் தானாக ஓட்ட ஒரு வழி சொன்னேன். இந்த நேரத்தை எந்த ப்ராஜெக்ட் கணக்கில் எழுதுவாய் என்று மேலாளர் கேட்டார். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். ட்ரூவுக்கு இருந்த துணிச்சல் எனக்கு இல்லையா? இருக்கலாம். ஆனால் ட்ரூவுக்கு எச்1பி விசா கவலை இல்லை. வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலை தேடணும், இல்லாவிட்டால் குடும்பத்தோடு பெட்டி கட்டணும் என்ற நிலையில் இருப்பவன் 99 டாலர் ரசீது போடமாட்டான்.

அதனால்தான் தனி ஆளின் துணிச்சல் போதாது, எழுதி வைத்த விதி வேண்டும் என்கிறேன். தைரியசாலிக்கு விதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நம்மைப் போல் பயந்தவனுக்குத்தான் அது தேவை.

இப்போது எனக்குக் கீழே நான்கு பேர். அதில் இருவர் விசாவில் இருப்பவர்கள். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அவர்கள் இஷ்டப்பட்டதைச் செய்யட்டும், அதற்குத் தனிக் கணக்கு எண் கொடுங்கள் என்று மேலே எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் மறுபடியும் கேட்பேன்.