பழவேற்காட்டில் தஞ்சம், முதுமையில் சிறை: ஜெர்மன் மெட்டுக்குத் தமிழ் தந்த ஃபப்ரீசியஸ் யார்?

பழவேற்காடு என்றதும் ஏரி, இறால், நண்டு, டச்சுக் கல்லறைதான் ஞாபகம் வரும். இந்த மீனவ ஊருக்கு ஜெர்மன் தேவாலய இசையோடும் ஒரு தொடர்பு உண்டு. காரணம், யோகான் பிலிப் ஃபப்ரீசியஸ்.

யார் இவர்?

1711-ல் ஜெர்மனியில் பிறந்தவர். முதலில் சட்டம் படித்தார். பிறகு ஹாலே நகரில் இறையியல். பக்கத்து நகரமான லைப்சிக்கில் அப்போது இசைமேதை பாக் பணியில் இருந்தார். 1740-ல் தரங்கம்பாடி வந்த ஃபப்ரீசியஸ், 1742-ல் மெட்ராஸ் மிஷன் பொறுப்பை ஏற்றார்.

ஏன் பழவேற்காடு?

1746-ல் பிரெஞ்சுப் படை மெட்ராஸைப் பிடித்தது. ஃபப்ரீசியஸ், டச்சுக்காரர்கள் வசம் இருந்த பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தார். 1749-ல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியதும், வேப்பேரியில் பணியைத் தொடர்ந்தார்.

பாட்டில் என்ன சிக்கல்?

சீகன்பால்கு காலத்திலேயே ஜெர்மன் பாட்டுகள் தமிழுக்கு வந்துவிட்டன. ஆனால், மெட்டு மாறாமல் மொழிபெயர்ப்பது லேசான வேலை இல்லை. நீளும் சுரத்தில் குறில் விழுந்தால் ‘கல்’ என்பது ‘கால்’ ஆகிவிடும், ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும். அதான் சிக்கல். மெட்டும் கெடாமல், பொருளும் கெடாமல் பல பாடல்களைத் தமிழாக்கினார் ஃபப்ரீசியஸ். அவருடைய பாடல் நூல் 1774-ல் வெளியானது.

அந்த மெட்டுகளை இன்று எங்கே கேட்கலாம்?

பாக்கின் ‘மத்தேயு பாஷன்’ இசைப்பதிவில் ஒரு மெட்டு ஐந்து முறை வரும். 1601-ல் ஹாஸ்லர் என்பவர் ஒரு காதல் பாட்டுக்குப் போட்ட மெட்டு அது! பிறகு சிலுவைப் பாட்டானது. தமிழ்ச் சபைகளிலும் புனித வெள்ளியன்று அதே மெட்டில் ஞானப்பாட்டு பாடுகிறார்கள்.

பெரிய கூட்டம் பாடும் பதிவுகளைவிட, ஒரு குரல் வகைக்கு ஒருவர் மட்டுமே பாடும் சிறு குழுப் பதிவுகளில் இந்த மெட்டுகள் தெளிவாகக் காதில் விழும். ஜோஷுவா ரிஃப்கின் 1980-களின் தொடக்கத்தில் பாக்கின் ‘பி மைனர் மாஸ்’ படைப்பை இப்படித்தான் பதிவு செய்தார். பாக் காலத்துப் பாடகர் குழுவே சிறியதுதான் என்பது அவர் வாதம். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை.

முடிவு என்ன ஆனது?

1779-ல் ஃபப்ரீசியஸின் தமிழ்–ஆங்கில அகராதி வெளிவந்தது. மொழியில் கெட்டிக்காரர், பண விஷயத்தில் ஏமாளி. மிஷன் பணத்தையும், தன்னை நம்பிச் சிலர் கொடுத்த பணத்தையும் வட்டிக்கு விட்டார். கொடுத்தது திரும்பி வரவில்லை. கடனுக்காக, முதுமையில் சிறைக்குப் போனார். 1791 ஜனவரியில், 80 வயதில் இறந்தார்.

பணம் கொடுத்தவர்களுக்கு ஏற்பட்டது உண்மையான நஷ்டம். அதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது. அதே மனிதர் சொல் சொல்லாகச் சேர்த்த அகராதி, பின்னாளில் விரிவாக்கப்பட்டு, இப்போது சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மொபைலிலேயே தேடிப் பார்க்கலாம்.