யாரும் கேட்காத கத்தி

சிவப்புக் கைப்பிடி, அதில் ஒரு கேடயம், கேடயத்துக்குள் வெள்ளைச் சிலுவை. ‘சுவிஸ் ஆர்மி நைஃப்’ என்றதும் நம்மில் பலருக்கு இந்த உருவம்தான் நினைவுக்கு வரும். நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கத் தொடங்கியபோது, என் மாமா அப்படியொரு பேனாக்கத்தியை எனக்குப் பரிசளித்தார்.

கையில் வாங்கியதும் முதலில் தோன்றியது, அது நான் நினைத்ததைவிடச் சிறியது என்பதே. அடுத்து, அது எளிதில் திறந்துவிடாது என்பது. அலகில் உள்ள சிறு பள்ளத்தில் நகத்தை வைத்து இழுக்க வேண்டும். பாதி தூரம் முரண்டுபிடிக்கும் அலகு, பிறகு ‘டக்’கென்று நேராக நின்றுவிடுகிறது. மூடும்போதும் அதே ‘டக்’. ஆட்டமோ அசைவோ இல்லை. வெளியில் கத்தியுடன் நடமாடச் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், அது என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. பெட்டி பிரிப்பது, கண்ணாடிச் சட்டத்தின் திருகை முடுக்குவது என்று வீட்டுக்குள்ளேயே அதற்கு வேலை கிடைத்துவிடுகிறது.

விரல் நீளமே உள்ள கைப்பிடிக்குள் இத்தனை கருவிகள் எப்படி அடங்கின? இந்தக் கேள்விதான் என்னைக் கார்ல் எல்செனரிடம் கொண்டு சென்றது. அவருடைய வாழ்க்கையைப் படித்தபோது, கத்தியைவிட அவர் பட்ட நட்டமே என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

தொப்பிக்காரரின் மகன்

எல்செனர் 1860ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பிறந்தார். தந்தை பல்தசார் தொப்பி செய்பவர், தாயார் விக்டோரியா. வீட்டில் 12 பிள்ளைகள், அவர் நான்காமவர். தந்தையின் தொழிலுக்குப் போகாமல் கத்தி செய்யும் தொழிலைப் பழகினார். பிறகு பாரிஸிலும் ஜெர்மனியின் டுட்லிங்கன் நகரிலும் வேலை பார்த்து, சவரக் கத்தி, அறுவை சிகிச்சைக் கத்தி ஆகியவற்றைச் செய்யும் நுணுக்கத்தைக் கற்றுக்கொண்டார். டுட்லிங்கன் இன்றும் மருத்துவக் கருவிகளுக்குப் பெயர்போன ஊர்.

1884ல் நாடு திரும்பி, ஷ்வீட்ஸ் மாநிலத்தில் உள்ள இபாக் என்ற சிற்றூரில் பட்டறை தொடங்கினார். அப்போது அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. இன்று செல்வத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படும் சுவிட்சர்லாந்து, அன்று அப்படி இல்லை. வேலை கிடைக்காமல் பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிக் கொண்டிருந்த காலம் அது. ஊரை விட்டுப் போகாமல் ஊரிலேயே பிழைக்க வழி செய்ய வேண்டும் என்று எல்செனர் விரும்பினார். தாயார் விக்டோரியா அவருக்குப் பக்கபலமாக இருந்தார்.

வெற்றி தந்த நட்டம்

அந்தக் காலத்தில் சுவிஸ் ராணுவம் தன் வீரர்களுக்கு ஒரு மடக்குக் கத்தி வழங்க முடிவெடுத்தது. தகர டின்னில் அடைத்த உணவைத் திறக்க வேண்டும். புதிதாக வந்திருந்த துப்பாக்கியைக் கழற்றித் துடைக்கத் திருப்புளியும் வேண்டும். ஆனால், அத்தனை ஆயிரம் கத்திகளைச் செய்து தரக்கூடிய நிறுவனம் சுவிட்சர்லாந்தில் ஒன்றுகூட இல்லை. முதல் கத்திகள் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரிலிருந்து வந்தன.

சொந்த நாட்டு ராணுவத்தின் கத்தியை நாமே செய்யலாமே என்று எல்செனர் நினைத்தார். தனியாக முடியாது என்பதால், 1891ல் நாட்டின் கத்தித் தொழில் வல்லுநர்களைத் திரட்டி ஒரு சங்கம் அமைத்தார். அதே ஆண்டு இபாக் பட்டறையின் கத்திகள் ராணுவத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அலகு, டின் திறக்கும் கருவி, திருப்புளி, துளையிடும் ஊசி என நான்கு கருவிகள் கொண்ட, மரக் கைப்பிடி போட்ட கத்தி அது.

கதை இங்கே இனிதே முடிந்திருக்கலாம். ஆனால், ஸோலிங்கன் ஆலைகள் அதே கத்தியை இயந்திரங்களால் ஏராளமாகச் செய்து மலிவாக விற்றன. கைவேலையை நம்பிய சுவிஸ் பட்டறைகளால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சிறிது காலத்திலேயே சங்கத்தினர் விலகிக்கொண்டனர். எல்செனர் மட்டும் விடவில்லை. செய்யச் செய்ய நட்டம். கையிலிருந்த பணமெல்லாம் கரைந்தது. திவாலாகும் நிலைக்கு வந்தவரை உறவினர்கள்தான் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

இரண்டு ஸ்பிரிங், ஆறு கருவி

அப்போதுதான் அவர் வேறு வழியில் யோசித்தார். ராணுவக் கத்தி உறுதியானது, ஆனால் கனமானது. அதைவிட மெலிதாக, அதைவிட அதிகம் பயன்படுகிற கத்தி ஒன்றைச் செய்தால் என்ன?

மடக்குக் கத்தியின் முதுகுப் பக்கத்தில் ஓர் எஃகுப் பட்டை இருக்கும். அதுதான் ஸ்பிரிங். நான் கேட்ட ‘டக்’ ஒலிக்கும் அந்தப் பட்டையே காரணம். அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடிப்பது அது. எல்செனர் ஒரே ஸ்பிரிங்கை இரு பக்கமும் வேலை செய்ய வைத்தார். வயிற்றுப் பக்கத்தில் அலகுகள் மடங்கின. முதுகுப் பக்கத்தில் வேறு கருவிகள் மடங்கின. ஆறு கருவிகளுக்கு இரண்டே ஸ்பிரிங் போதுமானதாயிற்று. கூடுதலாகச் சேர்ந்தவை ஒரு சிறிய அலகும், புட்டியின் தக்கையைப் பிடுங்கும் திருகும். கத்தியின் கனமும் குறைந்தது.

1897 ஜூன் 12ஆம் தேதி இந்த வடிவமைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அதிகாரிகளுக்கான கத்தி என்று அதற்குப் பெயர் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், ராணுவம் அதைக் கேட்கவும் இல்லை, அதிகாரிகளுக்கு வழங்கவும் இல்லை. அதிகாரிகள் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்களும் வாங்கத் தொடங்கினார்கள். ராணுவம் கேட்ட கத்தி எல்செனரை நட்டத்தில் தள்ளியது. யாரும் கேட்காத கத்தி அவரை மீட்டது.

1909ல் தாயார் காலமானார். எல்செனர் தம் நிறுவனத்துக்கு விக்டோரியா என்று அவருடைய பெயரையே சூட்டினார். சிலுவையும் கேடயமும் கொண்ட சின்னம் வந்ததும் அந்த ஆண்டில்தான். 1918 டிசம்பரில், 58ஆவது வயதில் எல்செனர் மறைந்தார். மூன்று ஆண்டுகள் கழித்துத் துருப்பிடிக்காத எஃகு பயன்பாட்டுக்கு வந்தது. அதைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ என்ற சொல் விக்டோரியாவுடன் சேர்ந்து ‘விக்டோரினாக்ஸ்’ ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க வீரர்கள் சூட்டிய பெயர்தான் ‘சுவிஸ் ஆர்மி நைஃப்’. இன்று உலகமே சொல்லும் அந்த இரண்டு பெயர்களையும் எல்செனர் கேட்டதே இல்லை.

விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக இவருடைய கதையைச் சொல்வது எளிது. எனக்கு அது முழுமையாகப் படவில்லை. விலகிப் போனவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் போட்ட கணக்கு சரியானது. அந்தக் கத்தியை அந்த விலைக்கு அவர்களால் விற்கவே முடியாது. அதையே செய்துகொண்டிருந்தால் எல்செனரும் மூழ்கியிருப்பார். அவர் காப்பாற்றப்பட்டதற்கு இரண்டு காரணங்கள்: தோற்ற கத்தியை விட்டு வேறொரு கத்தியை வடிவமைக்கத் துணிந்தார், அதுவரை அவரை விழாமல் தாங்க வீட்டார் இருந்தனர்.

நம் வயதில், சொந்தமாக ஏதாவது தொடங்க வேண்டும் என்று பேசாதவர் குறைவு. தொடங்குபவரை நாம் எல்லாரும் பாராட்டுகிறோம். நட்டத்தில் நிற்கும் ஆண்டுகளில் அவரைத் தாங்குபவர்களின் பெயர் பெரும்பாலும் வெளியில் தெரிவதில்லை. எல்செனர் அத்தகைய ஒரு பெயரையாவது ஒவ்வொரு கத்தியிலும் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்.