சிறு காயமும் நல்ல எண்ணமும்

விரலில் சிறு வெட்டுக்காயம் ஏற்பட்டால் நாம் உடனே பிளாஸ்திரியைத் தேடுகிறோம். உறையைப் பிரித்துக் காயத்தின்மேல் ஒட்டிவிட்டு, மறுநிமிடமே வேலையைத் தொடர்கிறோம். நூறாண்டுகளுக்கு முன்னர் இது இவ்வளவு எளிதாக இருந்ததில்லை. இதனை எளிதாக்கியவர் எர்ல் டிக்சன் என்னும் அமெரிக்கர். அவர் மருத்துவரும் அல்லர், விஞ்ஞானியும் அல்லர்.

டிக்சன் 1892ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிறந்தார். பின்னர், நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் இயங்கிய ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். காயத்திற்குக் கட்டும் துணி, பஞ்சு, ஒட்டுநாடா போன்றவற்றை அந்நிறுவனம் தயாரித்தது. அதற்குத் தேவையான பருத்தியைக் கொள்முதல் செய்வது டிக்சனின் வேலை.

1917ஆம் ஆண்டு டிக்சன் ஜோசபின் என்பவரை மணந்தார். ஜோசபின் சமைக்கும்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வார். சில வேளைகளில் கையைச் சுட்டுக்கொள்வார். அக்காலத்தில் காயத்திற்குக் கட்டுப் போட, காஸ் துணியை அளவாக வெட்டி, அதனைக் காயத்தின்மேல் வைத்து, ஒட்டுநாடாவால் சுற்ற வேண்டும். இதற்கு இரண்டு கைகளும் வேண்டும். ஒரு கையில் காயம்பட்டவர் மற்றொரு கையால் மட்டும் இதனைச் செய்வது கடினம். மேலும், ஜோசபின் மீண்டும் வேலையைத் தொடங்கியதும் அந்தப் பெரிய கட்டு நழுவி விழுந்துவிடும்.

தாம் அலுவலகத்திற்குச் சென்றிருக்கும் நேரத்தில் மனைவி தனியாகவே கட்டுப் போட்டுக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்று டிக்சன் எண்ணினார். 1920ஆம் ஆண்டு அவ்வழியைக் கண்டார். தம் நிறுவனத்தின் ஒட்டுநாடாவை ஒட்டும் பக்கம் மேலே இருக்குமாறு மேசைமீது விரித்தார். அதன் நடுவில், சற்று இடைவெளி விட்டு, மடித்த காஸ் துணித் துண்டுகளை வைத்தார். ஆனால், திறந்திருக்கும் பசை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே! அதனைத் தடுக்க, கிரினோலின் என்னும் விறைப்பான துணியால் மேற்பகுதியை மூடிச் சுருட்டி வைத்தார்.

இனி, ஜோசபின் தேவையான அளவு வெட்டி, மேல்துணியை உரித்து ஒட்டிக்கொண்டால் போதும். காஸ் துணி காயத்தின்மேல் அமரும். பசையோ இருபுறமும் உள்ள நல்ல தோலில் மட்டும் ஒட்டும்.

டிக்சன் இதனைத் தம் மேலதிகாரிகளிடம் காட்டினார். நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் வுட் ஜான்சன் இதன் பயனை உணர்ந்தார். பேண்ட்-எய்ட் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. ஆயினும், தொடக்கத்தில் மக்கள் அதனை விரும்பி வாங்கவில்லை. கையால் செய்யப்பட்ட அந்தப் பட்டைகள் 18 அங்குல நீளம் இருந்தன. முதல் ஆண்டில் ஏறத்தாழ 3,000 டாலருக்கே விற்பனையாயின.

நிறுவனம் முயற்சியைக் கைவிடவில்லை. அடிக்கடி காயம்படும் இறைச்சிக் கடைக்காரர்களுக்கும் சாரணர்களுக்கும் அவற்றை இலவசமாக வழங்கியது. பயன்படுத்தும் முறையையும் மக்களுக்கு விளக்கியது. 1924ஆம் ஆண்டு முதல், இயந்திரத்தால் சிறு அளவுகளில் பிளாஸ்திரிகள் தயாரிக்கப்பட்டன. விற்பனை பெருகியது. 1939ஆம் ஆண்டு கிருமி நீக்கப்பட்ட பிளாஸ்திரிகள் வெளிவந்தன.

பிளாஸ்திரியை ஒட்டுவது எளிதானாலும் அதனை உரிக்கும்போது கவனம் தேவை. சட்டென்று இழுத்தால் தோல் சிவந்து வலிக்கும். வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் நனைத்து, முடி வளரும் திசையில் மெதுவாக உரிக்க வேண்டும். உரித்த பின் தோலில் பிசுபிசுப்பு எஞ்சினால், பலரும் நகத்தால் சுரண்டுவர். அது தவறு. பசை நீரில் எளிதில் கரையாது. எண்ணெய் பட்டால் இளகிவிடும். எனவே, சில துளி தேங்காய் எண்ணெயைத் தடவி, சிறிது நேரம் கழித்து மென்மையான துணியால் துடைத்து, சோப்பு நீரால் கழுவலாம். ஆறாத காயத்தில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

பருத்தி வாங்கும் ஊழியராக இருந்த டிக்சன், பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் துணைத் தலைவராக உயர்ந்தார். 1957ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்றார். 1961ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் இயற்கை எய்தினார். காஸ் துணியும் ஒட்டுநாடாவும் அவருக்கு முன்னரே இருந்தவைதாம். வீட்டில் ஒருவர் நாள்தோறும் படும் சிறு துன்பத்தை அவர் பொருட்படுத்தினார். அதனால்தான் அவ்விரண்டையும் ஒன்றுசேர்க்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. நம் வீட்டிலும் பள்ளியிலும் பிறர் படும் இத்தகைய சிறு துன்பங்களைக் கவனித்துப் பார்த்தால், நாமும் செய்யத்தக்க உதவி ஒன்று நிச்சயம் புலப்படும்.