தாய்மார்களைக் காத்த டாக்டர்

ஆஸ்பத்திரியில் நிறைமாதக் கர்ப்பிணிகள் மண்டியிட்டு அழுதார்கள். எதற்காக? முதல் பிரிவில் மட்டும் சேர்க்க வேண்டாம் என்று!

இது நடந்தது ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில். ஆண்டு 1846.

அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகப் பிரசவம் பார்த்தார்கள். முதல் பிரிவில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவது பிரிவில் மருத்துவச்சிகள். எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பது வந்து சேரும் கிழமையைப் பொறுத்தது.

அந்த ஆண்டில் முதல் பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் மாண்டார்கள். இரண்டாவது பிரிவில் 3 பேருக்கும் குறைவு. இது ஊருக்கே தெரிந்திருந்தது. அதனால் தெருவிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களும் உண்டு.

பயம்தான் காரணமா?

அந்த ஜூலையில் முதல் பிரிவுக்கு உதவி டாக்டராக வந்தார், இக்னாஸ் செம்மல்வைஸ். 1818-ல் ஹங்கேரியின் பூடா நகரில் மளிகை வியாபாரியின் மகனாகப் பிறந்தவர்.

பெண்களின் பயமே காய்ச்சலை உண்டாக்குகிறது என்று சிலர் சொன்னார்கள். செம்மல்வைஸ் ஏற்கவில்லை. பலர் செத்த பிறகுதானே பயம் வந்தது? தெருவில் பிள்ளை பெற்றவர்களுக்குக் காய்ச்சல் அவ்வளவாக வரவில்லையே, அது ஏன்? இந்தக் கேள்விகள் அவரைத் தூங்க விடவில்லை.

கத்தி சொன்ன உண்மை

1847 மார்ச் மாதம், அவருடைய நண்பரான டாக்டர் கொல்லெட்ச்கா இறந்தார். பிரேத பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. அவர் உடலில் கண்ட அறிகுறிகள், இறந்த தாய்மார்களிடம் கண்டவையே!

செம்மல்வைசுக்கு உண்மை விளங்கியது. பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்த்தார்கள். அந்தக் கைகளே நஞ்சைக் கொண்டுவந்தன. மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை.

மே மாதம் அவர் உத்தரவிட்டார்: பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கை கழுவாமல் யாரும் கர்ப்பிணியைத் தொடக்கூடாது! ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது. 1848-ல் இரண்டு மாதங்களில் ஒரு தாய்கூடச் சாகவில்லை.

கிடைத்த பரிசு

தங்கள் கைகளே கொன்றன என்பதைப் பெரிய டாக்டர்கள் பலர் ஒப்பவில்லை. 1849-ல் செம்மல்வைஸ் வேலை இழந்தார். ஹங்கேரிக்குத் திரும்பி, அங்கும் தாய்மார்களைக் காத்தார். 1861-ல் நூல் எழுதினார். அப்போதும் பலர் செவிசாய்க்கவில்லை. மனம் உடைந்தார். 1865-ல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, இரண்டே வாரத்தில், புண் விஷமேறி இறந்தார். வயது 47.

பிறகுதான் கிருமிகளைப் பற்றிய உண்மை உலகுக்குத் தெரிந்தது. இன்று கை கழுவாமல் எந்த டாக்டரும் பிரசவம் பார்ப்பதில்லை.

வியன்னாவின் ஏழைப் பெண்கள் பயந்தது வீண் பயம் அல்ல. மற்றவர்கள் அதை அறியாமை என்று தள்ளினார்கள். ஒருவர் மட்டும் அதன் காரணத்தைத் தேடினார், தாய்க்குலம் பிழைத்தது.