வரிசையில் காத்திருந்த கிட்டார்

ஜார்ஜ் ஹாரிசன் 1943-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிறந்தார். அப்பா பஸ் கண்டக்டர். ஜார்ஜ் பள்ளியில் படிக்கும்போதே நோட்டெல்லாம் கிட்டார் படமா வரைவாராம். பிறகு உலகப்புகழ் பெற்ற பீட்டில்ஸ் குழுவில் கிட்டார் வாசித்தார். நால்வரில் இவர்தான் இளையவர்.

குழுவில் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி எழுதிய பாட்டுகளே அதிகம் வரும். ஜார்ஜுக்கு ஒரு இசைத்தட்டில் ஒன்றிரண்டுதான் கிடைக்கும். அதுக்காக அவர் சும்மா இருக்கவில்லை. 1966-இல் இந்தியா வந்து பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் கற்றார். 1968 ஜனவரியில் பம்பாயில் நம்ம நாட்டுக் கலைஞர்களை சிதார், தபலா, ஷெனாய் வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். ஷெனாய் என்பது நம்ம கோயில் நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி. அந்த இசையும் லண்டனில் பதிந்த இசையும் சேர்ந்து 'ஒண்டர்வால் மியூசிக்' என்ற ஆல்பமாக அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. பீட்டில்ஸ் குழுவில் தன் பெயரிலேயே தனி ஆல்பம் போட்ட முதல் ஆள் இவர்தான்!

1970-இல் குழு பிரிந்தது. அதுவரை இடம் கிடைக்காமல் சேர்ந்து கிடந்த பாட்டுகளோடு மூன்று தட்டு கொண்ட ஆல்பம் வெளியிட்டார். 1971-இல் வங்கதேச அகதிகளுக்காக ரவிசங்கருடன் நியூயார்க்கில் பெரிய கச்சேரி நடத்தினார். 2001 நவம்பர் 29-இல் மறைந்தார்.

தோழர் தோழியரே, நம்ம வகுப்பிலும் கடைசி பெஞ்சில் பேசாமல் ஒருத்தி இருப்பாள். அவள் நோட்டையும் ஒருதடவை வாங்கிப் பாருங்களேன்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, கடையம்