டேரியஸ் மாமன்னரின் முகம்



சரித்திரப் புத்தகங்களில் பழங்கால ராஜாக்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். போட்டோ பிடிக்க வசதியில்லாத காலத்தில் வாழ்ந்தவர்களின் முகம் இப்படித்தான் இருந்தது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? இந்தக் கேள்வி உங்களுக்கு எழுந்ததுண்டா? பாரசீகப் பேரரசர் டேரியசின் வரலாற்றைக் கேளுங்கள், விடை கிடைக்கும்.

பாரசீகம் என்பது இன்றைய ஈரான் நாடு. அங்கே ஏறத்தாழ கி.மு. 550-ல் பிறந்தவர் டேரியஸ். தந்தை விஷ்டாஸ்பர் ஒரு பெரிய பிரபு, மன்னர் அல்லர். இளமையில் டேரியஸ், மன்னர் கம்பைசசின் ஈட்டி தாங்கும் வீரராக எகிப்துக்குப் போனார். கி.மு. 522-ல் கம்பைசஸ் இறந்தபோது, அவருடைய தம்பி என்று சொல்லி ஒருவர் ஆட்சியைப் பிடித்திருந்தார். டேரியஸ் ஆறு தோழர்களோடு போய் அவரைக் கொன்று அரியணை ஏறினார். கொல்லப்பட்டவர் போலி என்பது டேரியஸ் சொன்ன கதை; உண்மையான தம்பியேதான் என்று கருதும் அறிஞர்களும் உண்டு.

உடனே நாலாபக்கமும் கலகம் மூண்டது. 19 போர் செய்து அடக்கியதாக பெஹிஸ்துன் மலையில் டேரியஸ் செதுக்கி வைத்தார். தரையிலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரம்! அங்கே அவர் கையில் வில்லோடு நிற்கிறார். சதுரமாக வெட்டிய நீண்ட தாடி, தலையில் கிரீடம். காலடியில் ஒருவன் கிடக்கிறான். எதிரே கைகள் கட்டப்பட்ட கைதிகள் வரிசை. சுற்றிலும் மூன்று மொழிகளில் எழுத்து.

காலம் ஓடியது. அந்த எழுத்தைப் படிக்க ஒருத்தர்கூட இல்லாமல் போனார்கள். கடைசியில் முதல் கதவைத் திறந்தவர் யார் தெரியுமா? ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! ஜெர்மனியைச் சேர்ந்த கிரோட்டஃபெண்ட், 1802-ல் பெர்சிபோலிஸ் நகரக் கல்வெட்டுகளின் பிரதியிலிருந்து டேரியஸ் என்ற பெயரைக் கண்டுபிடித்தார். பின்பு ராலின்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி பெஹிஸ்துன் மலையில் ஏறி எழுத்துகளைப் படியெடுத்தார். அவராலும் எட்ட முடியாத பகுதிக்கு 1847-ல் ஒரு குர்து இனச் சிறுவன், பாறை இடுக்கில் மர முளை அடித்து, கயிறு கட்டி, விரல் நுனியால் தொற்றிக்கொண்டு போய், ஈரக் காகிதத்தை அழுத்தி அச்செடுத்து வந்தான். அவன் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை.

சரி, முகத்துக்கு வருவோம். பெர்சிபோலிசில் அரியாசனத்தில் அமர்ந்த மன்னர் சிற்பம் இருக்கிறது: ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் தாமரை, மடிப்பு மடிப்பான அங்கி. இன்று வெறும் கல்லாகத் தெரிந்தாலும், அந்நகரச் சிற்பங்களில் நீலம், சிவப்பு வண்ணங்களின் மிச்சம் அகப்பட்டிருக்கிறது. ஆக, உடையையும் நிறத்தையும் ஓரளவு சொல்லிவிடலாம். முகத்தைத்தான் சொல்ல முடியாது! டேரியசுக்கும் அவர் மகன் செர்க்சீசுக்கும் சிற்பி ஒரே முகத்தைச் செதுக்கினார். அமர்ந்திருப்பவர் அப்பாவா பிள்ளையா என்று அறிஞர்களே வாதாடினார்கள். தங்கக் காசில் வில்லோடு மண்டியிடும் மன்னருக்கும் அதே பொதுவான தோற்றந்தான். 1972-ல் சூசா நகரில் டேரியசின் பெரிய சிலை ஒன்று கிடைத்தது. ஆவலோடு பார்த்தார்கள், தலையைக் காணோம்!

முகம் போனாலும் ஆட்சி தெரிகிறது. நாட்டை மாநிலங்களாகப் பிரித்தார். சார்டிஸ் முதல் சூசா வரை சுமார் 2,500 கிலோமீட்டர் ராஜபாட்டையைச் சீராக்கினார். நைல் நதியைச் செங்கடலோடு சேர்க்கக் கால்வாய் வெட்டினார். கி.மு. 490-ல் மராத்தானில் கிரேக்கரிடம் அவர் படை தோற்றது. கி.மு. 486-ல் காலமானார்.

பாட்டாளிப் பெருமக்களே, உங்களுக்கென்றே ஒரு செய்தி. 1933-34-ல் பெர்சிபோலிசில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. எல்லாம் டேரியஸ் காலத்துக் கணக்கு! தோட்டத்துக் கிராணியார் பேரேட்டில் எழுதியதைப்போல, வேலையாட்களுக்கு எவ்வளவு தானியம் என்று அதில் குறித்திருக்கிறார்கள். பிள்ளை பெற்ற தாய்க்குக் கூடுதல் படி உண்டு. ஆனால் ஆண் குழந்தையென்றால் இரண்டு பங்கு, பெண் குழந்தையென்றால் ஒரு பங்கு. அந்த அநீதியையும் களிமண் மறைக்கவில்லை பாருங்கள்.

பேரரசர் மலையில் செதுக்கியது, உலகம் தம்மை எப்படிப் பார்க்கவேண்டும் என்று அவர் விரும்பிய உருவம். சாதாரண எழுத்தர்கள் மண்ணில் கீறியது, மக்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்ற உண்மை. இரண்டையும் நமக்குத் தந்தது எழுத்து. அதைத் திறந்தது ஓர் ஆசிரியரின் பொறுமையும் ஒரு சிறுவனின் துணிச்சலும்.

பரிசு பெறும் பிள்ளைகளே, பரிசு கிடைக்காத பிள்ளைகளே, அந்தச் சிறுவனை நினைவில் வையுங்கள். பெற்றோர்களே, மகனானாலும் மகளானாலும் எழுத்தறிவை மட்டும் சரிபங்காகக் கொடுங்கள்.